தவறாவரமும் தடுப்புச் சுவரும்

ஆகஸ்ட் 15 வந்தால் இடைசெவல் பக்கத்திலிருந்தும் காமநாயக்கன்பட்டி மாதா கோயில் திருவிழாவுக்குச் சனம் கிளம்பிவிடும். ஞானஸ்நானம் வாங்காதவர்களும்தான். வீரமாமுனிவர் ஊழியம் பார்த்த பழைய பங்கு அது. பரலோக மாதா உடலோடு மோட்சம் போனாள் என்பதில் இந்தக் கரிசல்காட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. ரோமாபுரிக்குத்தான் உறுதிப்படக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. 1946 மே மாதம் போப் பன்னிரண்டாம் பயஸ் உலகத்து ஆயர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார்: இதை விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கலாமா? அறிவிக்கலாம் என்று பதில்கள் குவிந்தன. 1950 நவம்பர் 1, அறிவித்தாயிற்று. நாலரை வருஷம். வேலை சுத்தம்.

போப்பாண்டவர் வாய் திறந்து சொல்வதெல்லாம் தவறாவரம், அதாவது பிழையே நேராத போதனை, ஆகிவிடாது. எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பர் என்ற முறையில், விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, திருச்சபை முழுக்க ஏற்றே ஆக வேண்டும் என்று தீர்த்துச் சொன்னால்தான் ஆகும். இப்படி முடிவானது 1870 ஜூலை 18இல், ரோமில் கூடிய ஆயர்கள் சங்கத்தில். 533 பேர் சரி என்றார்கள், 2 பேர் இல்லை என்றார்கள். வெளியே இடியும் மின்னலும் வெளுத்து வாங்கின. (எங்கள் ஊரில் அப்படி இடித்திருந்தால் தீர்மானத்தைப் போட்டுவிட்டு விதைப்பெட்டியைத் தேடப் போயிருப்பார்கள்.) அந்த அதிகாரத்தை அதன்பிறகு முறைப்படி எடுத்துப் பயன்படுத்தியது ஒரே ஒரு தடவை. காமநாயக்கன்பட்டி மாதாவுக்கு.

தீர்மானம் போட்ட ரெண்டாம் வருஷம், 1872இல், தெற்கே வடக்கன்குளத்தில் கோயில் எழும்பியது. ஒரே பீடம், அதிலிருந்து கால்சட்டை மாதிரிப் பிரியும் ரெண்டு கூடம், இடையில் தடுப்பு. ஒரு பக்கம் வெள்ளாளப் பிள்ளைமார் வகையறா, மறுபக்கம் நாடார் முதலானோர். அப்பத்தில் எழுந்தருளும் ஆண்டவர் எந்தப் பக்கத்து ஆள் என்று கொத்தனாரும் கேட்கவில்லை, சாமியாரும் கேட்கவில்லை. 1910இல் கௌசானல் சாமியார் அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார். ஏன் இடித்தாய் என்று வழக்குப் போட்டார்கள், பூசை தவறாத விசுவாசிகள்! கோயிலுக்குள் சாதிக்கு உரிமை இல்லை என்று கடைசியில் மதராஸ் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. திருப்பீடம் தீர்க்காததை வக்கீல் பீஸ் கட்டித் தீர்த்துக்கொண்டோம்.

மதம் மாறியவர்கள் வைத்துக்கொண்ட பூணூலும் குடுமியும் சமயமல்ல, சமூக வழக்கம் என்று 1623இல் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். அந்த வழக்கம் நானூறு வருஷமாய்த் தின்று கொழுத்துக் கிடக்கிறது. 2003இல் இரண்டாம் ஜான்பால் தமிழ்நாட்டு ஆயர்களைக் கூப்பிட்டுச் சாதி பாராட்டாதீர்கள் என்று புத்தி சொன்னார். புத்திதான், கோட்பாடு இல்லை. 2008 மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கரும் கத்தோலிக்கரும் சாதியாய் மோதிக்கொண்டார்கள். போலீஸ் சுட்டதில் ரெண்டு பேர் செத்தார்கள். 2016இல் இந்திய ஆயர் பேரவையே உட்கார்ந்து எழுதியது: தீண்டாமை நமக்குள் இருக்கிறது, 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். எழுதினார்கள். அச்சடித்தார்கள்.

மாதாவின் விண்ணேற்பை வேண்டுமென்றே சந்தேகிக்கிறவன்கூட விசுவாசத்திலிருந்து முற்றாக விழுந்துவிட்டான் என்று 1950 ஆவணம் அடித்துச் சொல்கிறது. கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்துப் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் வைத்தவன்? அவன் விழவில்லை. திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் கழுத்தில் மாலையோடு நிமிர்ந்து நிற்கிறான். தலைக்கட்டு வரியை முதலில் கட்டியவனும் அவன்தான். எந்த ஆயருக்கு அவனைப் பகைக்க மனசு வரும்? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு தாயின் உடம்பு எங்கே போயிற்று என்பதில் இத்தனை நிச்சயம். நேற்றுச் செத்தவன் உடம்பைப் பொதுத் தெரு வழியாய்த் தூக்கிப் போகலாமா என்பதற்கு மட்டும் கமிட்டி. இது ஒழுக்கத்தில் சேராதென்றால் வேறு எதுதான் ஐயா சேரும்?

ரோமிலிருந்து இன்னொரு கடிதம் வரட்டும். உங்கள் மறைமாவட்டத்தில் எத்தனை கல்லறையில் சுவர் நிற்கிறது, கட்டியது யார், இடிப்பது எந்தத் தேதி? பதில் எழுத நாலரை வருஷம் தருவோம். போதாதென்றால், இடைசெவலிலிருந்து கடப்பாரையோடு ரெண்டு பேரை அனுப்பி வைக்கிறோம். அரைநாள் கூலி கொடுத்தால் போதும்.