பத்து விழுக்காடு பாக்கி

ஒரு கண் அறவே தெரியாமல் மறு கண் நன்றாகத் தெரிந்தால், மத்திய அரசின் அட்டவணைப்படி ஊனம் 30 விழுக்காடு. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்குக் குறைந்தது 40 வேண்டும். "இன்னொரு கண்ணு நல்லாத்தானேய்யா இருக்கு?" என்பார் அதிகாரி, நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. பாக்கிப் பத்துக்கு அந்தக் கண்ணும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். அதுவோ அட்டையின் கடைசி வரிவரை கடகடவென்று படித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறது.

வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள், பாவம். அடையாள அட்டை உண்டு. 80-உம் அதற்கு மேலும் நீலம், 40 முதல் மஞ்சள், அதற்குக் கீழே வெள்ளை. குறை இருப்பதாக அரசே ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி. வெள்ளையைக் காட்டினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

விண்ணப்பம் இணையத்தில். 'பார்வைக் குறைபாடு' என்ற கட்டத்தில் டிக் அடித்து முடித்ததும், கோணலும் மாணலுமாய், நடுவில் கோடு கிழித்த எழுத்துகளைக் காட்டி, பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும். சரியாகப் படித்தால் குறை மேல் சந்தேகம். படிக்காவிட்டால் விண்ணப்பமே நகராது.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுப் பையனைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிய வேண்டும்.