தட்டு கேக்கப் போற பேராண்டிக்கு

பேராண்டி, சிகாகோவுல ஏதோ பழைய பேங்குக் கட்டடத்துக்குள்ள உக்காந்து இசைத்தட்டு கேக்கப் போறியாமே, உங்கம்மா சொன்னா. போயிட்டு வா ராசா. தலைக்கு ரெண்டு பக்கமும் காது இருக்குன்னு ஞாபகப்படுத்த ஒரு கலைக்கூடம் தேவைப்படுதுன்னா, கட்டத்தான செய்வாங்க! போறதுக்கு முந்தி கெழவன் நாலு வார்த்த சொல்லிப்புடுறேன்.

மொதல்ல, அந்த எடத்த உண்டாக்குன தியாஸ்டர் கேட்ஸத் தெரிஞ்சுக்க. மண்பாண்டம் வனையப் படிச்சவரு, நகரத் திட்டமும் படிச்சவரு. அவங்கப்பா கூரைக்குத் தார் பூசுற தொழிலாளி. சிகாகோ தெக்குப் பக்கம், கறுப்பின சனங்க குடியிருக்கிற ஸ்டோனி ஐலண்டு ரோட்டுல, 1923-ல கட்டுன பேங்கு ஒண்ணு பல வருசமாப் பூட்டியே கெடந்துச்சு. கூரை ஒழுகி, கீழ்த்தளத்துல தண்ணி கட்டி, இடிக்கிறதுதான் பாக்கி. அத நகராட்சிகிட்ட இருந்து இவரு வாங்குன வெல என்ன தெரியுமா? ஒரே ஒரு டாலரு. அந்தக் காசுக்கு இங்க கோழிக் காலுகூடக் கெடைக்காது.

ஆனா ரிப்பேருக்கு ஆகுற பணத்த அவரே பொரட்டணும்னு பேச்சு. இங்கதான் மனுசனோட மூள வேல செஞ்சிருக்கு. பேங்குக் கழிப்பறையில, ஆம்பளைங்க ஒண்ணுக்கு இருக்கிற எடத்துல மறைப்புக்கு வச்சிருந்த பளிங்குக் கல்லப் பேத்து எடுத்தாரு. பலகை பலகையா அறுத்தாரு. டாலர் நோட்டுல கடவுள நம்புறோம்னு அச்சடிச்சிருப்பான்ல? இவரு கடவுள நகத்தி வச்சுட்டு, கலைய நம்புறோம்னு கல்லுல வெட்டி, அதுக்குக் கடன் பத்திரம்னு பேரும் வச்சாரு. 2013-ல சுவிட்சர்லாந்து பாசல் கலைச் சந்தைக்குக் கொண்டு போனாரு. மொத்தம் 100 கல்லு, கல்லு ஒண்ணு 5,000 டாலரு! மூத்திரக் கல்லப் பத்திரமாக்குற வித்தை எந்த பேங்கு மேனேசருக்காவது தெரியுமா? அதனால அங்க போயி ‘இதெல்லாம் கலையா?’ன்னு மூக்கச் சொறியாத. அதுக்குப் பதில ரொக்கமாவே வாங்கிட்டாரு அவரு.

2015-ல கதவத் தொறந்தாங்க. உள்ள இருக்கிற தட்டு யாரோடதுன்னு கேட்டுக்க. ஃபிராங்கி நக்கிள்ஸ்னு ஒருத்தரு. அதே ஊருல வேர்ஹவுஸ்ங்கிற ஆட்டக் கூடத்துல தட்டு ஓட்டுனவரு. நீ காதுல மாட்டிக்கிட்டு ஓடுறியே, ஹவுஸ் மியூசிக்கு, அதுக்கு அந்தப் பேரு அந்தக் கூடத்தால வந்ததுதான். அவரு 2014-ல போய்ச் சேந்துட்டாரு. அவரு சேத்த தட்டு, ஏறக்குறைய 5,000, இந்த பேங்குக்கு வந்துச்சு. அதுக்கும் முன்னால, டாக்டர் வாக்ஸ்னு ஒரு தட்டுக் கடைய மூடுனப்ப, மிஞ்சுன சரக்கையும் கேட்ஸே வாங்கி அதே வட்டாரத்துல ஒரு வீட்டுல வச்சாரு. ஊரு சொத்து ஊருக்குள்ளயே நிக்குது பாரு. எனக்கு அவரு மேல மரியாத வந்தது அதுலதான், கல்லு வித்ததுல இல்ல. (சரி, கல்லு வித்ததுலயும் கொஞ்சம்.)

நியூயார்க்குல டெவன் டர்ன்புல்னு இன்னொருத்தரு. 2022-ல லிசன் கலைக்கூடத்துல, தானே செஞ்ச ஸ்பீக்கர அடுக்கி, ஆளுங்கள உக்கார வச்சுத் தட்டு போட்டுக் காட்டுனாரு. படம் பாத்தேன். நம்ம மைக் செட்டுக்காரரு புளியமரத்துல கட்டுவாரே கொழா, அதோட பணக்காரச் சித்தப்பா மாதிரி இருக்கு. நம்ம கொழா வேண்டாம்னாலும் கேக்கும். அங்க வேணும்னாலும் நாற்காலி காலியாகணும்.

சப்பான்காரன் இதுக்குக் கலைன்னு பேரு வைக்காமலே செஞ்சுட்டான். யோகோஹாமாவுல சிகுசான்னு ஒரு காப்பிக்கடை, 1933-லயே வந்தது. வெளிநாட்டுத் தட்டு யானை வெல வித்த காலம். ஒரு காப்பிக்குக் காசு குடுத்தா ஜாஸ் தட்டு கேக்கலாம். டோக்கியோ ஷிபுயாவுல லயன்னு ஒரு கடையில நாற்காலி பூராவும் ஸ்பீக்கரப் பாத்துத்தான் கெடக்கும், பேசக் கூடாது. இதச் சொன்னதும் உங்க ஆச்சி என்னச் சுட்டிக் காட்டி, ‘இவர மொதல்ல அங்க அனுப்புங்க’ங்கிறா.

இனி உனக்கு. ஒரு தட்டுக்கு ஒரு பக்கம் இருபது நிமிசம் போல ஓடும், அப்புறம் ஒருத்தரு எந்திரிச்சுத் திருப்பிப் போடணும். அந்த இடைவெளியில உன் கை தானா பாக்கெட்டுக்குப் போகும். கைய மடியில வை. பக்கத்துல தாடிக்காரன் ஒருத்தன் கண்ண மூடிக்கிட்டு, ‘சத்தம் வெதுவெதுன்னு இருக்குல்ல?’ம்பான். தலைய ஆட்டு. ரொம்ப வளத்துனான்னா, மெதுவா ஒண்ணக் கேளு: ‘ஊசி நடுவுக்குப் போகப் போகக் கீச்சுச் சத்தம் மழுங்குதே, கவனிச்சீங்களா?’ வெளிவட்டத்துல ஒரு சுத்துக்கு ஊசி ஓடுற தூரம் அதிகம், உள்வட்டத்துல கம்மி, சத்தத்துக்கு எடம் நெருக்கம். தட்டோட பெறவிக் கொணம் அது. அதுக்கப்புறம் உன்கிட்டப் பேச மாட்டான்.

வரும்போது பிளேயரு ஒண்ணு வாங்கிட்டு வந்துராத. அதுக்கு அலமாரி, அலமாரிக்குப் பெரிய வீடுன்னு இழுத்துட்டுப் போகும். போட்டோவும் அனுப்பாத, போட்டோவுல பாட்டு கேக்காது. எந்தத் தட்டு ஓடுச்சு, அந்தத் தெருக்காரங்க எத்தன பேரு வந்திருந்தாங்கன்னு மட்டும் போன் பண்ணிச் சொல்லு. நம்மூரு நேரம் பாத்துக் கூப்பிடு, ராத்திரி ஒம்பதுக்கு மேல நான் எடுக்க மாட்டேன்.