மேளம் யாரு அடிக்கிறது, பேராண்டி?

வாடா பேராண்டி, உட்காரு. கொய்யாவைக் கடிச்சுக்கிட்டே கேளு. ஆயக்குடிக்கு வந்தவன் வெறும் வாயோட போனான்னு பேரு வரக் கூடாது. லினக்ஸ் பெட்டியில லீஸ்டு லைனைக் கோர்க்கணும், சின்க்ரனஸ் சீரியல் கார்டு வேணும்னு ஊரெல்லாம் விசாரிச்சியாமே! காலமெல்லாம் டெலிபோன் கம்பத்துல ஏறி இறங்குன கிழவன்கிட்ட மட்டும் கேக்கல. படிச்ச புள்ள, அப்படித்தான் இருக்கும்.

பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற 9 பின் போர்ட்டுல சொருகுனா ஆகாதான்னியாம். அடேய், அது 8 பிட்டு சரக்குக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு ரெண்டு பிட்டைத் துணைக்கு அனுப்புற ரகம். சின்க்ரனஸுக்குத் துணை வேண்டாம், கிளாக்குக்குத் தனிக் கம்பி வேணும். 9 பின்னுல அதுக்கு இடமே கிடையாது. 25 பின் பிளக்கைத் திருப்பிப் பாரு: மோடம் கொடுக்கிற கிளாக்கு 15லயும் 17லயும் வரும்.

தைப்பூசத்துல மேளம் அடிக்கிறவன் ஒருத்தன், காவடி ஆடுறவன் ஒருத்தன். ரெண்டு பேருமே மேளத்தைத் தூக்குனா பழனி போய்ச் சேந்தாப்புலதான். மோடம் அடிக்கட்டும், உன் கார்டு ஆடட்டும். செட்டிங்குல கிளாக்கை வெளியிலிருந்து எடுத்துக்கச் சொல்லு.

காசை எடுக்கிறதுக்கு முன்னாடி மோடத்தோட முதுகைப் பாரு. 34 பின் வி.35ஆ, 15 பின் எக்ஸ்.21ஆ, 2 மெகாபிட்டு இ1ஆ? அந்தக் கோடியில சிஸ்கோ ரவுட்டரா? அவனோட ஹெச்டிஎல்சி தனி ரகம். லினக்ஸுலயும் அதையே வை, இல்லே ரெண்டு பக்கமும் பிபிபி போடு.

கடைக்காரன் "லினக்ஸ்ல ஓடும் சார்"ம்பான். எந்த லினக்ஸ்லன்னு கேளு, தலையைச் சொறிவான். சிடியில தர்ற டிரைவர் எந்தக் காலத்துக் கெர்னலுக்கு எழுதுனதோ! நீ கெர்னல் மாத்துன அன்னிக்கே கார்டு படுத்துக்கும். ஃபார்சின்க் மாதிரி, கெர்னலுக்குள்ளயே டிரைவர் இருக்கிற கார்டாத் தேடு. மோக்ஸா சி101க்கும் டிரைவர் உண்டு, பழைய சாமான் கடையில மலிவாக்கூடக் கிடைக்கும். ஆனா அது ஐஎஸ்ஏ. உன் போர்டுல அந்த ஸ்லாட்டே இருக்காது. வாங்குனா வாசல்ல திருஷ்டிக்குக் கட்டிக்க.

அட, ஒண்ணு விட்டுப்போச்சு. உன் மோடத்துல ஈதர்நெட் போர்ட் இருக்கா? இருந்தா கார்டுக் கடைப் பக்கமே போகாத.