குடும்பத்தோடு பாண்டிச்சேரி

ராமநாதபுரத்தில் ஓர் ஆண்பிள்ளை, "சனி, ஞாயிறு பாண்டிச்சேரி போறேன்" என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "குடும்பத்தோட" என்று சேர்த்துச் சொன்னால் சிரிப்பு இன்னும் அகலமாகும். அலுவலகத்தில் மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்ல அப்படிச் சொல்லிருக்கீங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார். அம்மா, மனைவி, மகள், மகன் எல்லோர் பெயரும் இருந்த ரயில் டிக்கெட்டைக் காட்டினேன். நம்பவில்லை. "பாட்டிலோட வந்தா செக்போஸ்ட்ல பார்த்து வாங்க" என்று வழியனுப்பினார்.

இத்தனைக்கும் போனது மகளுக்காக. அவளுக்கு பாரிஸ் பார்க்க வேண்டுமாம். பாரிஸுக்கு பாஸ்போர்ட், விசா, விமானம் எல்லாம் வேண்டும். பாண்டிச்சேரிக்கு ஆதார் கார்டு போதும். 1674இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்த ஊர். நடுவே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடுங்கிக்கொண்ட காலம் போக, 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. சட்டப்படி நமக்கு வந்து சேர்ந்தது 1962இல். இதைவிடக் குறைந்த செலவில் யாரும் பிரான்ஸ் காட்ட முடியாது என்றேன். "ஊரே கடல் பார்க்க ராமேஸ்வரம் வருது, நாம கடல் பார்க்க ரயிலேறுறோம்" என்றாள் மனைவி. அதற்குப் பதில் இல்லாததால் பெட்டியை எடுத்துக் கட்டினேன்.

இரவு வண்டியில் ஏறினால் விடியுமுன் விழுப்புரம். அங்கிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அம்மா ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறும் துவையலும் எடுத்து வந்திருந்தார். கூடவே ஒரு டப்பாவில் குண்டு மிளகாய்ப் பொடி. எங்கள் ஊர் மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதை யாராவது அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது.

செலவைக் கணக்கெழுத நான் ஒரு நோட்டும் வைத்திருந்தேன். இதில் எனக்கு முன்னோடி ஆனந்தரங்கப் பிள்ளை. கவர்னர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை ஊர் நடப்பையெல்லாம் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். கப்பல் வந்தது, சரக்கு போனது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்பது வரைக்கும். அவர் எழுதியது வரலாறு ஆயிற்று. நான் எழுதியதை மனைவி படித்துவிட்டு, "டீக்கு ரெண்டு தடவை எழுதிருக்கீங்க" என்றாள்.

வெள்ளைக்காரத் தெருக்களில் சனிக்கிழமை அறை வாடகையைக் கேட்டால் நமக்கே ஊர் திரும்பத் தோன்றும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் போட்டோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் ஜன்னல். "பிரெஞ்சு ஜன்னலாப்பா?" என்றான் மகன்.

டூமா வீதி, சுஃப்ரேன் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி. மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூ. ஒவ்வொரு சுவருக்கும் முன்னால் போட்டோ எடுக்க வரிசை. எங்கள் ஊரில் தீர்த்தமாட நிற்பார்கள், இங்கே சுவருக்கு. மகள் ஒரு வாசலில் சாய்ந்து நின்றதும் அம்மா பதறிப்போனார். "யாரு வீடுடி இது? உள்ள ஆளிருக்கும். ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுங்க." சொன்னதோடு நிற்காமல் கதவையும் தட்டிவிட்டார். திறந்தவர் கைலி கட்டிய ஒரு பெரியவர், நல்ல தமிழர். பிரான்ஸ் ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அப்படிப்பட்டவர்களை அங்கே 'சொல்தா' என்கிறார்கள். பிரான்ஸ் குடியுரிமை உள்ள சில ஆயிரம் பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அந்நாட்டு அதிபர் தேர்தலில் பாண்டிச்சேரியிலேயே ஓட்டுப் போடுகிறார்கள். இதைக் கேட்டதும் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஓட்டுக்கு அவுக என்ன குடுப்பாக?"

பெரியவர் வெகுநேரம் சிரித்தார். ஒன்றும் கொடுப்பதில்லை என்று தெரிந்ததும் அம்மாவுக்கு பிரான்ஸின் மேலிருந்த மதிப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது.

மிச்சத்தை இறக்கியது ஒரு காபிக் கடை. மகளின் பிடிவாதத்தால் குரோசான் வாங்கினோம். பிய்த்துப் பார்த்த அம்மா, "உள்ள ஒண்ணுமே இல்லையே, பூரியை மடிச்சு ஏமாத்திருக்கான்" என்று சொல்லி மிளகாய்ப் பொடி டப்பாவைத் திறந்தார். சர்வர் முகத்தை நான் பார்க்கவில்லை, பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய நாட்குறிப்பில் அந்த வரியை மட்டும் சின்ன எழுத்தில் எழுதினேன்.

ஆனால் காசு கேட்காத பாண்டிச்சேரி இருக்கிறதே, அது வேறு. மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். சாலை முழுக்க நடப்பவர்களுக்கே. செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தி, பழைய கலங்கரை விளக்கம், 2014 மழையில் இடிந்து விழுந்து மறுபடி அதே சாயலில் எழுந்த மேரி என்ற நகர்மன்றக் கட்டடம். எதற்கும் டிக்கெட் இல்லை. மணக்குள விநாயகர் கோயிலில் அம்மா மனம் குளிர்ந்தார். அரவிந்தர் ஆசிரமத்தில் பேசக்கூடாது என்றார்கள். எங்கள் குடும்பம் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததற்கு நானே காசு கொடுத்திருப்பேன்.

கடலைத்தான் அம்மா கடைசியாகப் பரிசோதித்தார். எங்கள் பக்கம் அலை அடங்கிய பாக் நீரிணை பெண்கடல், அலை எழும்பும் மன்னார் வளைகுடா ஆண்கடல். "ஏய்யா, இது எது?" என்றார். நெடுக பாறாங்கல்லைக் கொட்டிவைத்திருந்தார்கள். 1980களில் தெற்கே துறைமுகம் கட்டியபின் மணலை அலை அரித்துக்கொண்டு போனது. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து ஒரு பக்கம் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் விளக்கினேன். "அதெல்லாஞ் சரி, கால் நனைக்க முடியல பாரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அறையை பஸ் ஸ்டாண்டு பக்கமே எடுங்கள். சோற்றைத் தமிழர் வீதிகளில் சாப்பிடுங்கள். வெள்ளைத் தெருக்களை விடிகாலையில் நடந்தே பாருங்கள். சுவருக்கு வரிசை இருக்காது. அருங்காட்சியகம் திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடுங்கள்.