தேக்கின் புகைப்படம்

திருவனந்தபுரத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். சமையலறைக்குக் குக்கர் புண்ணியத்தில் தினமும் ஒன்று. அந்த ஈரத்துக்கு அஞ்சி, கப்போர்டு கதவுக்குப் பார்ட்டிகிள் போர்டு வாங்கி, தேக்கின் புகைப்படத்தை மைக்காவாக ஒட்டுகிறோம். ஓரத்தில் தண்ணீர் நுழைந்தால் முதலில் உப்புவது அந்தப் போர்டுதான். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் குதிரைமாளிகை அரண்மனையில் 122 மரக்குதிரைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இதே காற்றில் நிற்கின்றன, மைக்கா இல்லாமல். அவை மீன்குழம்பின் ஆவியைக் கண்டதில்லை என்பது நியாயமான வாதம். அசல் மரம் மழையில் விரியும் என்பதும் உண்மை. அதற்குத்தான் ஆசாரி சட்டத்தில் காடி வெட்டி, நடுப்பலகையைப் பசையின்றிச் செருகுகிறார். தேக்கு கட்டுப்படியாகாதா? அயினியும் பலாவும் இருக்கின்றன. கதவின் இருபுறமும் எண்ணெய் பூச வேண்டும். விருந்தாளி பார்க்கும் பக்கம் மட்டும் பூசினால் பலகை கோணிக்கொள்ளும்.