கார்க் கட்சிக்காரர்

சுவிட்சர்லாந்தில் முயல் வளர்ப்பவருக்குச் சங்கம் உண்டு, நீண்ட மரக்கொம்பு ஊதுபவருக்கும் உண்டு. கார் ஓட்டுபவருக்கு மட்டும் சங்கம் போதவில்லை, கட்சியே வேண்டியிருந்தது. 1985இல் சூரிச்சில் அதைத் தொடங்கினார்கள். மிஹாயேல் டிரேயர் என்பவர் தலைவர். பெயரிலேயே காரை வைத்துக்கொண்ட கட்சி என்பதால், கொள்கை என்ன என்று யாரும் கேட்டு மினக்கெடத் தேவையிருக்கவில்லை.

தலைவர்களைப் பற்றி எழுத வரவில்லை. அந்தக் கட்சிக்கு வாக்குப் போட்ட மனிதரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எங்கள் கட்டடத்தில் ஒருவர் இருக்கிறார். சுவிஸில் எந்தக் கட்டடத்தில் தேடினாலும் கீழ்த்தளத்தில் இப்படி ஒருவர் அகப்படுவார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். சனிக்கிழமைகளில் கார் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை கழுவ மாட்டார், அது ஓய்வு நாள். மற்றவர்களைக் கழுவவும் விடமாட்டார்.

அவருடைய மனக்குறை 1984ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி தொடங்குகிறது. அன்றிலிருந்து ஊருக்குள் 60இல் ஓடியவர் 50இல் ஓட வேண்டியதாயிற்று. அடுத்த ஜனவரியில் வெளி றோட்டில் 100ஐ 80ஆக்கினார்கள். நெடுஞ்சாலையில் 130ஐ 120ஆக்கினார்கள். அதே 1985இல் நெடுஞ்சாலையில் ஏறுவதற்கென்று 30 பிராங் ஸ்டிக்கரும் வந்தது. காடு செத்துக்கொண்டிருக்கிறது, கார்ப் புகைதான் காரணம் என்று அப்போது நாடு முழுக்க ஒரே பதற்றம். "காடு இன்னும் நிற்குது, பாருங்கள்" என்று பல்கனியிலிருந்து மலையைக் காட்டுவார். "நான்தான் இன்னும் எண்பதில் போய்க்கொண்டிருக்கிறேன்."

சுதந்திரம் என்ற சொல்லை இந்த நாட்டில் அவரளவுக்கு உருகிச் சொல்பவரை நான் கண்டதில்லை. ஆனால் அந்தச் சுதந்திரம் நாலு சில்லுகளுக்கு வெளியே ஒரு அடிகூட வைக்காது. நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. அதற்கொரு முறைப் பட்டியல் உண்டு. பட்டியலுக்குக் காவல் இவர். உங்கள் முறை ஏழு மணிக்கு முடிகிறது என்றால், ஏழு மூன்றுக்கு மெசின் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. சுற்றினால் மறுநாள் கதவில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். மிகவும் மரியாதையான துண்டு, "அன்புடன்" என்றுதான் முடியும். வடிகட்டியில் சேரும் பஞ்சை எடுக்கவில்லை என்றால் அந்தப் பஞ்சையும் துண்டோடு சேர்த்து ஒட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தல் போடப் போனால் பெட்டிக்கு முன்னால் நிற்பார். பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை சுவரில் ஆணி அடிக்க முடியாது. இரவு பத்துக்குப் பிறகு குளிப்பவர் யார் என்பது குழாய்ச் சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அரசாங்கம் தனிமனிதன் வாழ்க்கையில் தலையிடுகிறது என்று தொடங்குவார்.

அந்த ஸ்டிக்கரை அவர் மாற்றுவதைப் பார்க்க வேண்டும். பழையது ஜனவரி 31 வரை செல்லும். அன்று வரைக்கும் கழற்ற மாட்டார். காசு கொடுத்த நாளை ஏன் விடுவது? அன்று மாலை வீட்டிலிருந்து நீளமான வயரில் தலைமயிர் உலர்த்தும் மெசினைக் கொண்டுவந்து, கண்ணாடியைச் சூடாக்கி, பிளேடால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சுரண்டுவார். சுரண்டும்போது அமைச்சர்களைத் திட்டுவார். 1995இலிருந்து 40 பிராங் ஆகிவிட்டதே என்பதற்கு ஒரு தனித் திட்டு. பிறகு புதியதை எடுத்து, அளவுகோல் வைத்து, விதியில் சொன்ன இடத்தில், ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் ஒட்டுவார். இப்போது ஸ்டிக்கர் இல்லாமல் இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருமுறை சொன்னேன். நான் அவருடைய ஒரு பண்டிகையைப் பறிக்க வந்தவன் மாதிரிப் பார்த்தார்.

கட்சி ஒன்றும் வெறும் பகிடி இல்லை. 1987இல் பாராளுமன்றத்தில் 2 ஆசனம், 1991இல் 8 ஆசனம். 200 பேர் இருக்கும் சபையில் காருக்கு 8 பேர். இடையில் 1989 நவம்பரில், நெடுஞ்சாலையில் 130உம் வெளி றோட்டில் 100உம் வேண்டும் என்ற கோரிக்கை மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. பத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். நம்மவரை அது உலுக்கிவிட்டது. கார் வைத்திருப்பவர்களே எதிர்த்து வாக்களித்திருக்கிறார்கள் என்பதை அவர் இன்னும் நம்பவில்லை.

காரை வைத்துக் கட்சியால் அதற்குமேல் போக முடியவில்லை. போகிற வழியில் அகதிகளையும் ஏற்றிக்கொண்டார்கள், துரத்துவதற்கு. வேக எல்லை கூடாது, பசுமைக்காரர் கூடாது, அகதி கூடாது. காருக்கும் அகதிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. எண்பதுகளில் இங்கே வந்திறங்கிய எங்கள் ஆட்களிடம் சைக்கிள்கூட இருக்கவில்லை. பனிக்குள் நடந்து போய் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். நெடுஞ்சாலை நெரிசலுக்கு அவர்கள் காரணமாக இருந்திருக்க வழியே இல்லை.

1994இல் பெயரை மாற்றிச் சுதந்திரக் கட்சி ஆனார்கள். அகதிக் கதையைச் சுவிஸ் மக்கள் கட்சி இவர்களைவிடச் சத்தமாகப் பேசத் தொடங்கியதும் வாக்கும் அந்தப் பக்கம் போய்விட்டது. 1999இல் ஆசனம் பூச்சியம். இதற்கிடையில் பீல் நகரசபையில் இந்தக் கட்சிக்காரர் ஒருவர் பொலிஸ் துறைக்கே பொறுப்பாளராக இருந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அந்தப் பொருத்தத்தை நினைத்து நான் பல நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஆள் கெட்டவரில்லை. மாசி மாதக் குளிரில் உங்கள் கார் பற்றறி இறங்கி நின்றால், கேட்பதற்கு முன்னமே வயரோடு வந்துவிடுவார். பனிக்காலத்து டயர் எப்போது மாற்றுவது, நீல நிறக் கோட்டுக்குள் நிறுத்தும்போது அட்டையில் எந்த நேரத்தைக் காட்டுவது, வலப்பக்கத்துச் சந்தில் வருபவருக்கு எப்போது வழி விடுவது எல்லாம் என் மகளுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வழி விடாதவர்களின் வாகன இலக்கத்தை எழுதிவைக்க ஒரு கொப்பியும் வைத்திருக்கிறார்.

2024 நவம்பரில் நெடுஞ்சாலைகளை அகலப்படுத்தும் திட்டமும் வாக்கெடுப்பில் தோற்றது. ஆறுதல் சொல்லப் போனேன். எனக்கு முன்னமே எங்கள் தமிழ்ப் பெடியன் ஒருவன் அங்கே நின்று கொதித்துக்கொண்டிருந்தான். லீசிங்கில் எடுத்த கறுப்புக் கார், சுவிஸ் கடவுச்சீட்டு, தவறாமல் வாக்குப்போடும் குணம். 50இல் ஆறு கிலோமீற்றர் கூடியதற்கு 120 பிராங் தண்டம் கட்டிவிட்டு வந்திருந்தான். இரண்டு பேரும் ஒரே மூச்சில் றேடாரைத் திட்டினார்கள். பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, இவர் சொல்லுற அந்தக் கார்க் கட்சி இப்பவும் இருக்கோ?"

"அவங்கள் உன்ர கொப்பரைத் திருப்பி அனுப்பச் சொன்னவங்கள், தம்பி."

"அது அப்பான்ர காலம் அண்ணை. இப்ப றேடாருக்கு என்ன சொல்லுறாங்கள்?"