பியூர் ஹிஸ்டரி எடுக்கலாமா? ஓர் ஆராய்ச்சி

1942 பிப்ரவரி 8 இரவு கரையிறங்கிய ஜப்பானியருக்குச் சிங்கப்பூரைப் பிடிக்க ஒரு வாரம் போதுமாயிருந்தது. உயர்நிலை இரண்டில் படிக்கும் பிள்ளை மூன்றாம் ஆண்டில் பியூர் ஹிஸ்டரி எடுக்கலாமா என்று முடிவுசெய்ய நம் குடும்பங்களுக்கு ஒரு தவணை முழுதும் போதவில்லை. இந்த முரண்பாட்டை ஆராய்ந்தவர் எவரும் இல்லாமையின் யாமே புகுந்தோம்.

முதற்கண் வரையறை. சோஷியல் ஸ்டடீஸ் பாதி, வரலாறு பாதியாகச் சேர்ந்து ஒரே பாடமாக வருவது கம்பைண்டு. வரலாறே முழுப் பாடமாக நிற்பது பியூர். 'பியூர் எடுத்தால் கம்பைண்டு தொல்லை விட்டது' என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது என்க. என்னை? சோஷியல் ஸ்டடீஸ் கட்டாயம் ஆதலின், புவியியலையோ இலக்கியத்தையோ துணைக்கு அழைத்துக்கொண்டு கம்பைண்டு அப்போதும் பின்னாலேயே வரும்.

கள ஆய்வு தேக்கா உணவு நிலையத்தில், தே தாரேக் ஆறும்வரை நடந்தது. அகப்பட்ட மூலங்கள் மூன்று.

மூலம் அ, பெரியப்பா: "வரலாறு சோறு போடுமாப்பா?" இம்மூலம் தீபாவளிதோறும், நேதாஜி 1943 ஜூலையில் பாடாங்கில் படையைப் பார்வையிட்டதை, முன்வரிசையில் நின்று பார்த்ததுபோல் வருணிக்கும். மூலம் பிறந்தது 1958இல்.

மூலம் ஆ, அம்மா: "2028லேர்ந்து ஜேசிக்கு அஞ்சு பாடந்தான் கணக்கு. அதுல ஹியூமானிட்டீஸ் ஒண்ணு இருந்தாப் போதும், கம்பைண்டே போதும்." கணக்கு சரியே. வரலாற்றில் ஆர்வம் உண்டா என்பது இக்கணக்கில் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

மூலம் இ, டியூஷன் ஆசிரியை: "பியூர் ரொம்பக் கஷ்டம், வாரம் ரெண்டு கிளாஸ் வேணும்." இதன் நோக்கத்தை விளக்க உரை வேண்டா.

இங்கே ஒரு சிக்கல். இந்த மூலத்தை நம்பலாமா, இவர் ஏன் இப்படிச் சொல்கிறார், இரு மூலங்களும் எங்கே வேறுபடுகின்றன: இவை நாம் கேட்ட கேள்விகள் அல்ல, எஸ்.பி.கியூ (மூலம் சார்ந்த வினா) என்று பிள்ளைகள் அலறும் வரலாற்று வினாத்தாளே கேட்பவை. அதாவது பியூர் ஹிஸ்டரி எடுக்கலாமா என்று முடிவுசெய்யும் தகுதி, அதைப் படித்தவருக்கே உண்டு. இக்குற்றத்தைத் தருக்க நூலார் அன்யோன்யாசிரயம் என்பர்.

பாடத்திட்டம்? வெர்சாய் உடன்படிக்கை, ஹிட்லர், ஸ்டாலின், கொரியா, வியட்நாம் என்று பனிப்போர் முடியும்வரை இழுக்கும். சிங்கப்பூர் வரலாறு பெரும்பாலும் கீழ்வகுப்புகளோடு விடைபெற்றுவிடுகிறது. 1819இல் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளையைவிட ஸ்டாலினை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் அது வேறு ஆய்வு.

நான்காம் மூலம் ஒன்று மேசையிலேயே இருந்தும் யாரும் அதை அணுகவில்லை: பையன். அவனுடைய எழுத்துச் சான்றுகள் பயன்படவில்லை. ஆற்றுமுகத்தில் 1843இல் வெடிவைத்துத் தகர்த்த சிங்கப்பூர்க் கல்லின் எழுத்தை இன்றுவரை எவரும் படித்ததில்லை. அவன் நோட்டுப்புத்தகமும் அவ்வினத்தது. ஆகவே வாய்மொழிச் சான்றையே நாடினோம். போன மாதம் ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி சாப்பிடும்போது, "இங்க எங்க குதிரை?" என்று கேட்டானாம். மேசையில் இருந்த பெரியவர்களில் பதில் தெரிந்தவர் இல்லை. "சாப்பிடுப்பா" என்றிருக்கிறார்கள். அவனே தேடி, 1933 வரை ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயம் நடந்ததைக் கண்டுபிடித்து, மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பெரியப்பா கட்டைவிரல் அனுப்பினார்.

எனவே பையன் பியூர் ஹிஸ்டரி எடுக்கலாம் என்பது இவ்வாய்வின் துணிபு. டியூஷன் வேண்டாம். பெரியப்பா தனித்தேர்வராக எழுத விரும்பினால் தேர்வுக் கட்டணம் என் பொறுப்பு.